ஏழாவது லைட்டு வரைக்கும் கரிக்குது

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை ஆறு மணிக்கு ஒரு பெண் செம்பருத்தி இலையை நக்கிக்கொண்டிருந்தாள். நக்கினாள், துப்பினாள், கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள், நாலு எட்டு நடந்து போய் அடுத்த செடியை நக்கினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்ணூற்று இரண்டாம் வருஷம், எனக்கு முப்பது வயது. திருப்போரூர் பக்கத்து விவசாயக் குடும்பம். தோட்டக்கலையில் டிப்ளமா முடித்து, செங்கல்பட்டில் ஒரு நர்சரியில் ஆறு வருஷம் ஒட்டுக் கட்டிவிட்டு, திருவிடந்தைக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்த ஒரு ஓட்டலுக்கு கார்டன் சூப்பர்வைசராக வந்திருந்தேன். ஓட்டல் பெயர் இங்கே வேண்டாம். கடற்கரை மணலிலிருந்து லாபி வாசல் வரைக்கும் ஒரு நீள நடைபாதை. அதன் ஓரமாகப் பன்னிரண்டு லைட் கம்பங்கள். கடல் பக்கம் இருப்பது முதல் லைட்டு, லாபி வாசலில் இருப்பது பன்னிரண்டாவது லைட்டு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப் போவது பூராவும் இந்தக் கம்பங்களை வைத்துத்தான்.

"இன்னாம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"உப்பு பாக்குறேன்."

"இன்னாது?"

"ராத்திரி காத்து அடிச்சுதில்ல? நாலாவது லைட்டு வரைக்கும் கரிக்குது. அஞ்சாவதுல இல்ல." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு, புது சூப்ரைசரா?"

அவள் பெயர் அஞ்சலை. பக்கத்துக் குப்பத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். தோட்டத்தில் தினக்கூலிக்கு ஆறு பெண்கள், அவர்களுக்கு இவள்தான் முன்னாடி ஆள். வயசுக்கும் வேலைக்கும் மரியாதை கொடுத்து 'அவர்' என்று எழுதலாம்தான், ஆனால் அப்படி எழுதினால் அஞ்சலையே "யாரு சார் அந்த அவரு?" என்று கேட்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

கடலோரத் தோட்டத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடல் காற்று சும்மா வராது, உப்பைச் சுமந்துகொண்டு வரும். அது இலையில் படியும். காலையில் பனியோ ஈரமோ இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறினால் இலையைக் கருக்கும். அதனால் வெயில் வருவதற்கு முன்னால் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். நாங்கள் அதற்கு வாஷிங் என்று பெயர் வைத்திருந்தோம். எங்களுக்கு இருந்த நல்ல தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு கிணறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் போட்டால் அதிலும் உப்பு ஏறிவிடும். அந்த இரண்டு மணி நேரத் தண்ணீரில் தோட்டம் முழுக்கக் கழுவ முடியாது. நேற்றைய காற்று உப்பை எதுவரைக்கும் கொண்டுவந்து போட்டது என்று தெரிந்தால் அதுவரைக்கும் கழுவலாம். கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரிகிறபோது செடி கருகி மூன்று நாள் ஆகியிருக்கும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கோடையில் காசித்தும்பைப் பாத்தி மொத்தமும் கருகியதாம். இலையை அள்ளிப் போட்ட கையால் மூஞ்சியைத் துடைத்திருக்கிறாள், உதட்டில் கரித்திருக்கிறது. அன்றையிலிருந்து காலையில் கடலைப் பார்த்த இலையை நக்கிப் பார்ப்பது அவளே ஏற்படுத்திக்கொண்ட வேலை. அது முடிகிற வரைக்கும் டீ குடிக்க மாட்டாள், வெற்றிலை போட மாட்டாள். கூட வேலை செய்கிற பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள்: "இன்னிக்கு ரெண்டு லைட்டு கம்மி பண்ணிக்கோங்க சார், அஞ்சலை வூட்ல நேத்து கருவாட்டுக் கொழம்பு!"

படித்த திமிர் யாரை விட்டது? நான் நம்பவில்லை. ஐந்து நாள் வேண்டுமென்றே இரண்டாவது லைட்டோடு வாஷிங்கை நிறுத்தச் சொன்னேன். ஆறாம் நாள் மூன்றாவது லைட்டடியிலும் நாலாவது லைட்டடியிலும் செம்பருத்தி இலையெல்லாம் ஓரம் காய்ந்து சுருண்டு நின்றது. அஞ்சலை சுருண்ட இலைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

2. லாமினேட் செய்த சார்ட்

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் சொல்கிற லைட்டு நம்பரைத்தான் வேலை நோட்டில் முதல் வரியாக எழுதுவேன். "இன்னிக்கு மூணு." "இன்னிக்கு ஒண்ணுமில்ல." இப்படி. பூச்சி மருந்தோ பூஞ்சை மருந்தோ அடித்தால் அந்தச் செடியில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும் என்று அவளும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். துணி கட்டின செடியில் வாய் வைக்க மாட்டாள்.

ஒரு வருஷ நோட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு சார்ட் போட்டேன். பன்னிரண்டு மாசம், பன்னிரண்டு கட்டம், மாசம் மாசத்துக்கு என்ன வேலை என்று. சித்திரை நடுவிலிருந்து ஆவணி முடிய வாஷிங். புரட்டாசியில் குறைக்க வேண்டும். ஐப்பசி ஒன்றாம் தேதி நிறுத்தம். ஐப்பசியில் வாடைக் காற்று பலமாக அடிக்கும், ஆனால் மழையோடு அடிக்கும், வானமே செடியைக் கழுவிவிடும். அப்போது வாஷிங் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பலாம். ஐப்பசியில் செய்ய வேண்டியது யூரியா போடுவதும் பூஞ்சைக்கு மருந்து அடிப்பதும். எல்லாம் கலர் ஸ்கெட்ச்சில் எழுதி, செங்கல்பட்டுக்கு எடுத்துப் போய் லாமினேட் செய்து, ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டினேன். மாட்டிய அன்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவு பெருமை. லாமினேட் செய்த காகிதத்தில் அதற்குப் பிறகு திருத்தி எழுத முடியாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலைந்து வருஷம் சார்ட் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. அப்புறம் அஞ்சலை கொண்டுவருகிற நம்பர்கள் கோணலாக ஆரம்பித்தன. வைகாசியில் மூன்று, நாலு என்று இருந்தது ஐந்து, ஆறு, ஒரு நாள் ஏழு என்றது. மாசியில் ஒரு நாள் வந்து நின்றுகொண்டு, "சார், நாலாவது லைட்டு" என்றாள். மாசியில் உப்பா? அந்த வருஷம் தை மாசமே வேப்பமரம் பூத்துக் கொட்டியது. கோடையில் பன்னிரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்த கடல் காற்று, மூன்று மணியாகியும் வராமல் போக்குக் காட்டியது. அதுவரைக்கும் தோட்டம் அடுப்பில் வைத்த கல்லாகக் கிடக்கும். வந்தால் மணலை வாரி மூஞ்சியில் அடிக்கிற வேகத்தில் வரும்.

"காத்துக்குப் புத்தி மாறிப் போச்சு சார்" என்பாள் அஞ்சலை.

"ஒரு வருசம் அப்டி இப்டிதான் இருக்கும். அடுத்த வருசம் சரியாய்டும்" என்பேன்.

இதையே நான் மூன்று வருஷம் தொடர்ந்து சொல்லியிருக்கிறேன். நோட்டில் நம்பர்களை என் கையால்தான் எழுதினேன். ஒரு நாளாவது பழைய நோட்டைப் புரட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேனா? இல்லை. சுவரில் இருந்த சார்ட்டைத்தான் பார்த்தேன்.

3. கெஸ்ட் எழுதிய கார்டு

இரண்டாயிரத்தை ஒட்டி ஒரு வருஷம் ஓட்டலுக்குப் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். ஜி.எம். என்போம். கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் சுத்தம் என்றால் உயிரை விடுவார். அவர் வந்த மூன்றாம் மாதம் ஒரு கெஸ்ட் ரூமைக் காலி செய்கிறபோது கருத்துக் கார்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு அம்மா ஒருவர். 'உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பெண் காலையில் பசி தாங்காமல் செடியில் இருக்கிற இலைகளைச் சாப்பிடுகிறார். தயவுசெய்து அவருக்குக் காலை உணவு கொடுங்கள்.' கூடவே இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருந்தார்.

ஜி.எம். என்னைக் கூப்பிட்டு கார்டையும் பிஸ்கட்டையும் மேஜையில் வைத்தார்.

"என்னங்க வேதாசலம் இது? நம்ம ஓட்டல் மானமே போச்சுங்க. நாளையிலிருந்து இந்த நக்கற வேலையெல்லாம் இருக்கக் கூடாது. உப்பு பாக்கறதுக்கு மீட்டர் கிடைக்காதா? வாங்கிக்குங்க."

நான் விளக்கியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்றேன்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அந்த வருஷம் தோட்டத்தில் ஒரே ஒரு ஆளை பர்மனென்ட் செய்ய அனுமதி வந்திருந்தது. நான் அஞ்சலை பெயரைத்தான் எழுதி அனுப்பியிருந்தேன். அவள் வீட்டுக்காரர் படகு ஏற்றும்போது கால் நசுங்கி, கடலுக்குப் போவதை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பர்மனென்ட் ஆனால் அவருக்கு வைத்தியம் பார்க்க மெடிக்கல் கார்டு கிடைக்கும். அந்த ஃபைல் ஜி.எம். மேஜையில்தான் இருந்தது.

அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தாள். "நா இன்னா இலைய துன்னுகினா கீறேன்? பாவம் அந்தம்மா." அப்புறம் சிரிப்பு நின்றது. "சரி வுடுங்க. நக்க வேணாம்னா நக்கல. எனக்கு வேல வேணும் சார்."

மெட்ராஸ் போய் ஒரு மீட்டர் வாங்கி வந்தேன். தண்ணீரில் முக்கினால் உப்பைக் காட்டுகிற மீட்டர். இலையை எங்கே முக்குவது? இலையைப் பறித்து டம்ளர் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் மீட்டரை முக்க வேண்டும். ஒரு செடிக்குப் பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டு லைட்டுக்கும் பார்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நாலாம் நாள் மீட்டர் டிராயருக்குள் போயிற்று. அப்போது ஆவணி முடியப் போகிறது, வாஷிங் எப்படியும் குறைகிற காலம்தானே என்று நான் என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

4. மழை இல்லாத ஐப்பசி

ஐப்பசி ஒன்றாம் தேதி சார்ட்டில் இருந்தபடி பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினேன். வாடைக் காற்று வந்தது. மழை வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தோம். வானம் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. காற்று மட்டும் இரவும் பகலும் நிற்காமல் அடித்தது. அஞ்சலை ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"சார், வாடை வந்துட்ச்சு, மழய காணோம். மூஞ்சியெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. பம்ப இஸ்துகினு வந்து மாட்டுங்க சார், கழுவணும்."

"ஐப்பசில கழுவுறதா? நாளைக்கே மழ வந்தா ஜி.எம். என்னைப் பாத்து சிரிப்பாரு. சார்ட்டப் பாரு, இன்னா போட்டுகீது?"

"சார்ட்டா சார் காத்துல நிக்குது? செடிதான் நிக்குது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "வேலையைப் பாரு போ" என்றேன். இதை எழுதுகிறபோது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் இட்லிப்பூ வேலியில் இலை நுனி பழுப்பானது. முதல் லைட்டில் மட்டும் இல்லை, எட்டாவது லைட்டடியிலும். அவ்வளவு உள்ளே ஒருபோதும் உப்பு வந்ததில்லை. ஆகவே இது உப்பாக இருக்க முடியாது, ஐப்பசியில் இலை பழுத்தால் அது பூஞ்சைதான் என்று முடிவு செய்தேன். மழையே இல்லாத ஐப்பசியில் பூஞ்சை எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை. முதலில் யூரியா போட்டேன். உப்பில் வாடுகிற செடிக்கு யூரியா போடுவது, வயிற்றுப்போக்கு வந்தவனுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி. செடி இன்னும் வாடியது. ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலைக்கு லீவு. மருந்து அடிக்கிற ஆளை வைத்து ஆறாவது லைட்டிலிருந்து பத்தாவது லைட்டு வரைக்கும் பூஞ்சை மருந்து அடித்தேன். சிவப்புத் துணி கட்டவில்லை. இப்போதுதான் யாரும் நக்குவதில்லையே, எதற்குத் துணி என்று நினைத்தேன்.

5. லாபி வாசலில்

செவ்வாய்க்கிழமை ஜி.எம். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். டிசம்பர் சீசனுக்கு எல்லா ரூமும் புக் ஆகியிருந்தது. கடல் பக்கத்திலிருந்து பத்தாவது லைட்டு வரைக்கும் எல்லாச் செடியும் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஓரம் கருகி நின்றது. பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர் லாபி வாசலுக்கு முன்னால் நின்றார். நாங்கள் ஏழு பேரும் வரிசையாக நின்றோம்.

"இவ்வளவு ஆளு வெச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?" அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "மெட்ராஸ்ல ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி கேட்டுட்டே இருக்காங்க. தோட்டத்தை அவங்ககிட்ட விட்டுடறேன். அந்த பர்மனென்ட் ஃபைலையும் திருப்பி அனுப்பிடறேன். செத்த தோட்டத்துக்கு பர்மனென்ட் ஆளு எதுக்குங்க?"

மற்ற ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அஞ்சலை மட்டும் பார்க்கவில்லை.

"சார், இது நோவு இல்ல. உப்பு."

"மறுபடியும் நக்கினீங்களா?"

"இல்ல சார். நீங்க வேணாம்னு சொன்னப்புறம் நா வாயே வைக்கல. இங்க வேல செய்றவங்களுக்கு மூஞ்சில படறதே போதும்." அவள் பத்தாவது லைட்டடிக்குப் போய்க் குனிந்து இட்லிப்பூச் செடியில் ஓர் இலையைக் கிள்ளினாள். திரும்பி வந்து ஜி.எம்.மிடம் நீட்டினாள். "நா சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே வாய்ல வச்சுப் பாருங்க."

யாராவது மேனேஜரைப் பார்த்து இப்படிச் சொல்வார்களா? ஜி.எம். ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். சுத்தம் பார்க்கிற மனுஷன், நிச்சயம் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் இலையை வாங்கிக்கொண்டார். கைக்குட்டையால் கையைத் துடைத்தார். இலையைத் துடைத்தால் உப்பு போய்விடும் என்று புரிந்திருக்க வேண்டும், துடைக்காமல் வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

"சார்! வேணாம் சார்! மருந்து அடிச்சிருக்கேன்!"

கத்தியது நான்தான். ஓடிப்போய் அவர் கையிலிருந்து இலையைப் பிடுங்கியே விட்டேன்.

"என்ன மருந்து? எப்ப அடிச்சீங்க?"

"ஞாயித்துக்கெழம சார். பூஞ்சைன்னு நெனச்சு அடிச்சேன்." வாயில் வந்துவிட்டது, இனி மறைத்து என்ன? "பூஞ்ச இல்ல சார். இந்தம்மா பத்து நாள் முன்னாடியே வந்து பம்ப மாட்டச் சொல்லுச்சு. நான்தான் கேக்கல. யூரியாவும் நான்தான் போட்டேன். தப்பு என்னோடது."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"என்னாண்ட சொல்லாம மருந்து அடிச்சியா? துணி கூட கட்டாம? ஒம்பது வருச பழக்கம் சார் இது! ஏதோ யோசனைல நா வாய வச்சிருந்தேன்னா இன்னா ஆயிருக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜி.எம். சொன்னதற்கு இல்லை, அவள் கேட்டதற்கு. அன்று அவள் என்னை ஒருமையில் பேசியதை ஜி.எம். கூடக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன்.

ஜி.எம். மெதுவாகக் கேட்டார். "மருந்து படாத செடி ஏதாச்சும் இருக்குங்களா?"

பன்னிரண்டாவது லைட்டடியில், லாபி வாசல் படியை ஒட்டி, ஒரு தொட்டியில் நந்தியாவட்டை இருந்தது. இலை பச்சைப் பசேல் என்று இருந்தது. அஞ்சலை அதில் ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாள். இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை. நாக்கு நுனியில் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கரிக்குதுங்க" என்றார். திரும்பிக் கடலைப் பார்த்தார். அங்கிருந்து கடல் ஒரு கோடாகத்தான் தெரியும். "இங்க வரைக்குமா?"

"ஐப்பசில இங்க வரைக்கும் வந்து நா பாத்ததில்ல சார்" என்றாள் அஞ்சலை. "மழ வந்து கழுவுற உப்பு. மழ வரல, யாரு கழுவுறது?"

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஜி.எம். "பம்ப் சாயந்திரத்துக்குள்ள வந்துரணும், தோட்டம் பூரா கழுவுங்க" என்றார். அஞ்சலை வேண்டாம் என்றாள்.

"இருக்கறது ரெண்டு மணி நேரத் தண்ணி. ஒண்ணாவது லைட்லேர்ந்து ஆறு வரைக்கும் வுட்டுடலாம் சார், அது போனது போனதுதான். மழ வந்தா தானே துளிர்க்கும். ஏழாவதுலேர்ந்து இந்தாண்ட இன்னும் உயிர் கீது. தண்ணிய இங்க ஊத்துவோம். மொதல்ல இந்த மருந்த கழுவணும்."

கருகினதைப் பார்த்துப் பதறி, கருகினதற்கே தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்வது. நானும் அதைத்தான் செய்திருப்பேன். தான் வளர்த்த செம்பருத்தி வரிசையை, பத்து வருஷச் செடிகளை, விட்டுவிடலாம் என்று சொல்ல எவ்வளவு மனசுத் திடம் வேண்டும்! சொல்லிவிட்டு முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மறுபடி நாக்கு ரிப்போர்ட் ஆரம்பமாயிற்று. ஜி.எம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: கெஸ்ட் எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கார்த்திகை பிறந்து ஒன்றரை வாரம் கழித்துத்தான் வானம் கண்ணைத் திறந்து மழை பெய்தது. அதுவரைக்கும் மூன்று வாரத்துக்கு மேல், தினமும் இரண்டு மணி நேரம், ஏழு முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் எந்தச் செடிக்கு எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல மற்ற ஐந்து பெண்களும் நானும் ஹோஸைப் பிடித்தோம். டிசம்பரில் லாபியிலிருந்து இறங்கி வந்த கெஸ்ட்டுகள் பாதித் தோட்டத்தைப் பச்சையாகப் பார்த்தார்கள். மீதிப் பாதிக்கு 'பராமரிப்பு நடக்கிறது' என்று போர்டு வைத்தோம். காண்ட்ராக்ட் பேச்சு அதோடு போயிற்று.

6. இன்டர்வியூ

பர்மனென்ட் ஃபைல் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆனி மாசம் ஹெட் ஆபீஸிலிருந்து இன்டர்வியூவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களோடு ஜி.எம். மூன்றாவது ஆள். நான் துறைக்காரன் என்பதால் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஹெட் ஆபீஸ்காரர்கள் தோட்டம் தெரிந்தவர்கள் இல்லை. கேள்வி கேட்க ஏதாவது வேண்டுமே என்று என் சார்ட்டின் ஒரு காப்பியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது தெரிந்ததும் நான் முந்தின நாளே அஞ்சலையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "வாஷிங் எந்த மாசம் ஆரம்பம்னு கேப்பாங்க. சித்திர நடுவுலன்னு சொல்லு. எப்ப நிறுத்தணும்னு கேப்பாங்க. ஐப்பசி ஒண்ணுன்னு சொல்லு. அவ்ளோதான். மெடிக்கல் கார்டு உன் கைல." அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பெயர், ஊர், எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். பிறகு பெரியவர் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இலை கழுவுறது எந்த மாசம் ஆரம்பிக்கணும், எந்த மாசம் நிறுத்தணும்?"

"தெரியாது சார்" என்றாள் அஞ்சலை.

அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, சித்திரை, சித்திரை என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, பத்து வருஷமா அந்த வேலையைப் பாக்கறீங்க. தெரியாதுங்கறீங்களே?"

"பத்து வருசமா பாக்கறதாலதான் சார் தெரியாதுன்றேன்." அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மொத அஞ்சு வருசத்துல கேட்டிருந்தா டக்குனு மாசம் சொல்லியிருப்பேன். இப்போ மாசம் மாசமா இல்ல சார். மாசில உப்பு வருது. ஐப்பசில மழ வரமாட்டுது. நா இன்னிக்கு ஒரு மாசம் சொல்லி, அத நீங்க எழுதி வச்சுகினா, அந்த மாசம் வரைக்கும் எல்லாரும் கையக் கட்டிகினு நிப்பாங்க. அதுக்குள்ள செடி செத்துடும். காலைல பாத்துட்டு எந்த லைட்டு வரைக்கும்னு சொல்றேன். அதான் எனக்குத் தெரியும்."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இது நீங்க போட்ட சார்ட்தானே? இதுல தேதியெல்லாம் இருக்கே?"

இத்தனை வருஷம் அந்தச் சார்ட்டை நான் சாமி படம் மாதிரி வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். "அந்தத் தேதியெல்லாம் இப்ப தப்பு சார். அவங்க சொல்றதுதான் சரி" என்றேன். ஜி.எம். மேஜையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ரெண்டு வார்த்த! நான் சொன்னத சொல்லிட்டு வந்திருந்தா இன்னா? வேல போயிருந்தா வூட்ல இன்னா பண்ணியிருப்ப?"

"பயமாதான் சார் இருந்துச்சு. கையப் பாருங்க, இன்னும் சில்லுன்னு கீது" என்றாள். "ஆனா பொய் சொல்லி அந்தக் கார்ட வாங்கினா, அடுத்த ஐப்பசில அந்தச் செடிங்கள நா எப்டி சார் பாக்குறது?"

ஆர்டர் ஒரு வாரத்தில் வந்தது. நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும், அப்புறமும் சில வருஷம், அஞ்சலை அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தாள்.

தோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எந்த மாசம் விதைக்கணும், எந்த மாசம் கவாத்து, எந்த மாசம் மருந்து. எனக்கும் சட்டென்று ஒரு மாசம் சொல்லிவிட நாக்கு துடிக்கும், சூப்பர்வைசர் புத்தி அப்படி. நாற்பது வருஷத்தில் நான் எத்தனையோ படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். வேலை போகும் என்று தெரிந்தும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆள் அஞ்சலை ஒருத்திதான். நீங்களும் அப்படிச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.